குடல் ஓமோன்களும் இன வேறுபாடும்: மலையகத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

குளுக்கோசை நாளத்தின் வழியே ஏற்றி, வாய்வழி குடித்தபோது எழுந்த அதே குருதி வெல்ல மட்டத்தை அப்படியே உண்டாக்கினாலும், குடித்தபோது சுரந்த அளவு இன்சுலின் அப்போது சுரப்பதில்லை. குடலைத் தொட்டுச் செல்லும் குளுக்கோசு மட்டும் சதையியை (கணையத்தை) இவ்வளவு தூண்டுவது ஏன் என்ற கேள்விக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. 1902இல் பேலிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரும் முன்சிறுகுடலிலிருந்து குருதியில் கலந்து சதையியைச் செயற்படுத்தும் பொருளொன்றைக் கண்டறிந்தார்கள். 1906இல் லிவர்பூலில் மூர் என்பவரும் அவருடைய குழுவினரும் முன்சிறுகுடற் சாற்றை நீரிழிவு நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த லா பார் இத்தகைய குடற்பொருளுக்கு இன்கிரெட்டின் என்று பெயரிட்டார். குருதியில் இன்சுலினை நுட்பமாக அளக்கும் முறை 1960இல் வந்த பிறகே இந்த ஊகம் எண்களாக உறுதிப்பட்டது. நலமாக உள்ள ஒருவர் குளுக்கோசு குடித்தபின் சுரக்கும் இன்சுலினில் ஏறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை குடலின் தூண்டுதலால் வருவது என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு.

இந்தத் தூண்டுதலைத் தருபவை முக்கியமாக இரண்டு ஓமோன்கள். ஜிஐபி எனப்படுவது சிறுகுடலின் மேற்பகுதியிலுள்ள கே கலங்களிலிருந்தும், ஜிஎல்பி-1 எனப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் கீழ்ப்பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ள எல் கலங்களிலிருந்தும் சுரக்கின்றன. இரண்டும் குருதியில் வெல்லம் உயர்ந்திருக்கும்போது மட்டுமே இன்சுலினைத் தூண்டுவன. ஜிஎல்பி-1 இதற்கு மேலும் சில வேலைகளைச் செய்கிறது: குளுக்ககோன் சுரப்பை அடக்குகிறது, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது, பசியைத் தணிக்கிறது. ஆனால் அதன் ஆயுள் மிகக் குறுகியது. டிபிபி-4 என்ற நொதியம் அதை ஓரிரு நிமிடங்களிலேயே சிதைத்துவிடுவதால், குடலில் சுரந்ததில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட அளவே சிதையாத வடிவில் உடலின் பொதுக் குருதியோட்டத்தை எட்டுகிறது. கையிலிருந்து எடுக்கும் குருதி மாதிரியில் அளக்கப்படுவது உண்மையில் நிகழ்ந்த சுரப்பின் எச்சம் என்பதை இந்தத் துறையின் எந்த முடிவைப் படிக்கும்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நீரிழிவின் இரண்டாம் வகையில் இந்த ஏற்பாடு பழுதுபடுகிறது என்பதை 1986இல் ஜெர்மனியில் நவுக்கும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். பின்வந்த ஆய்வுகள், அந்நோயாளரிடம் ஜிஐபி இன்சுலினைத் தூண்டும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிடுவதையும், ஜிஎல்பி-1ஐ மருந்தளவில் கொடுத்தால் அது இன்னும் வேலை செய்வதையும் தெளிவாக்கின. 2005இல் ஜிஎல்பி-1 போலச் செயற்படும் முதலாவது ஊசி மருந்தும், 2006இல் டிபிபி-4 நொதியத்தைத் தடுக்கும் முதலாவது மாத்திரையும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மருந்துகள் பரவியபோது, ஆசிய நாடுகளில் நடந்த சோதனைகளில் அவற்றின் பயன் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. 2013இலும் 2014இலும் கொரிய ஆய்வாளர்கள் பல சோதனைகளைத் தொகுத்து வெளியிட்ட பகுப்பாய்வுகள் இதை உறுதிப்படுத்தின. குடல் ஓமோன்களின் இயக்கம் இனத்துக்கு இனம் வேறுபடுகிறதா என்ற கேள்விக்கு அப்போதுதான் நடைமுறை முக்கியத்துவம் கிடைத்தது.

அந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகள் ஒரே திசையில் நிற்கவில்லை. ஜப்பானில் யபே, செய்னோ ஆகியோரின் குழு, நீரிழிவு உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் குளுக்கோசுக்குப் பின் சிதையாத ஜிஎல்பி-1 மிகக் குறைவாகவே உயர்வதைக் கண்டது. நெதர்லாந்தின் லைடன் நகரில் 2014இல் வெளியான ஆய்வில், நலமான இளம் தெற்காசியர்களிடம் குளுக்கோசு குடித்தபின் இன்சுலினும் ஜிஎல்பி-1உம் வெள்ளையரைவிடக் கூடுதலாக உயர்ந்தன. அமெரிக்காவில் ஆப்பிரிக்க வழியினரை வெள்ளையருடன் ஒப்பிட்ட ஆய்வுகளில் சில கூடுதல் என்றும் சில குறைவு என்றும் சொல்லின. இந்த முரண்பாட்டின் ஒரு பகுதி அளவீட்டிலிருந்தே வருகிறது: சிதைந்ததையும் சிதையாததையும் சேர்த்து எண்ணும் முறை ஒன்று, சிதையாததை மட்டும் எண்ணும் முறை மற்றொன்று, மாதிரியைத் தூய்மைப்படுத்தும் விதமும் கூடத்துக்குக் கூடம் மாறுகிறது. ஒரு கூடத்தில் கிடைத்த எண்ணை இன்னொரு கூடத்தின் எண்ணோடு நேரடியாக வைத்து ஓர் இனத்தின் குடல் சோம்பலானது, மற்றதன் குடல் சுறுசுறுப்பானது என்று தீர்ப்பு வழங்குவது பெரும் பிழையில் கொண்டுபோய் விடும்.

லைடன் ஆய்வு இலங்கையின் மலையகத் தோட்டங்களைச் சேர்ந்த வாசகரின் தனிக் கவனத்துக்குரியது. அங்கு ஜிஎல்பி-1 கூடுதலாகச் சுரந்தும் இன்சுலின் கூடுதலாகச் சுரந்தும் தெற்காசியரின் வெல்ல மட்டம் தாழவில்லை. இன்சுலினுக்கு உடல் பணிய மறுக்கும் நிலையை ஈடுகட்டக் குடலும் சதையியும் இளமையிலேயே மிகை உழைப்புக்கு ஆளாகியிருக்கின்றன என்று இதைப் பொருள்கொள்ளலாம். நெதர்லாந்தில் வாழும் தெற்காசியர்களில் பெரும்பாலோர் சுரினாம் நாட்டிலிருந்து குடியேறியவர்கள். அவர்களின் முன்னோர் 1873இல் லல்லா ரூக் என்ற கப்பல் சுரினாமை அடைந்தது முதல் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்ட வட இந்தியர்கள். அதே காலத்தில், கங்காணி (ஆள்திரட்டி மேற்பார்க்கும் தலைவன்) முறையின் கீழ், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளின் தமிழர்கள் மன்னாரில் கரையிறங்கி இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அந்த ஓட்டத்தைப் பெருக்கியது. பூர்வீகம் வெவ்வேறானாலும், பஞ்சத்தால் பெயர்க்கப்பட்டுத் தோட்டத்தில் தலைமுறைகளாக உழைத்தவர்கள் என்ற வகையில் இரு சமூகங்களும் உறவுடையவை. ஒன்று ஐரோப்பிய நகரத்தின் வளமான உணவை எட்டியது. மற்றொன்று இன்னும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லயன் அறைகள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கிறது. இரண்டையும் தெற்காசியர் என்ற ஒரே பெட்டியில் அடைத்து, லைடனில் கண்டதை மலையகத்து டிக்கோயாவுக்குப் பொருத்துவது அறிவியல் ஆகாது.

ஆய்வுகள் இனம் என்று குறிப்பிடுவது எவ்வளவு தளர்வான பிரிவு என்பதை இலங்கையின் வரலாறே காட்டுகிறது. 1911ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் தனித்தனியே எண்ணப்பட்டு வருகிறார்கள். 2012இல் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் ஏறக்குறைய 8,40,000 பேர். நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே. இந்த எல்லைக்கோட்டை வரைந்தது நிர்வாகம். பல மாவட்டங்களிலிருந்து பல சாதிகளாக வந்து, பெரும்பாலும் உட்குழு மணமே செய்துவந்த மக்களுக்குள் மரபணு வேறுபாடும் கணிசமாக இருக்கும். ஆயினும் ஆய்வாளருக்கு இங்கே அரிய வாய்ப்பு ஒன்று உண்டு. அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினரையும் மெக்சிகோவின் மலைக் கிராமமொன்றில் வாழும் அதே வழியினரையும் ஒப்பிட்ட ஆய்வு, 2006இல், முன்னவரிடம் 38 சதவீதமும் பின்னவரிடம் 6.9 சதவீதமும் நீரிழிவு இருப்பதைக் காட்டி, ஒரே மரபு இரு வாழ்க்கையில் இரு விளைவைத் தருவதை நிறுவியது. திருச்சிராப்பள்ளிப் பகுதிக் கிராமம் ஒன்றையும் ஹட்டனின் தோட்டம் ஒன்றையும், அங்கிருந்து கொழும்பின் கடைகளுக்கு வேலைக்குப் போன இளைஞர்களையும் ஒருங்கே வைத்து அதே கேள்வியைக் குடல் ஓமோன்களைப் பற்றிக் கேட்க முடியும். மரபையும் வாழ்க்கையையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டக்கூடிய மக்கள் கூட்டம் தெற்காசியாவில் அரிது.

குடல் ஓமோன்களின் அளவை இனத்துக்கு இனம் வேறுபடுத்திக் காட்டக்கூடிய காரணிகளுள் முதலில் வைக்கத்தக்கது இரைப்பை காலியாகும் வேகம். இரைப்பை தன்னிடமுள்ள சத்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 4 கிலோ கலோரி வரையான வேகத்தில் முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. இந்த வேகம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும், ஆனால் ஒரே ஆளிடம் ஓரளவு நிலையாக இருக்கும். குடித்த குளுக்கோசினால் குருதி வெல்லம் எவ்வளவு ஏறும் என்பதில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இதுவே விளக்குகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஹொரோவிட்ஸ் தலைமையில் நடந்த ஆய்வுகள், மெல்லிய குழாய் வழியே முன்சிறுகுடலுக்குள் குளுக்கோசை அளந்து செலுத்தின. நிமிடத்துக்கு 1 கிலோ கலோரி என்ற மெதுவான வேகத்திலேயே ஜிஐபி உயர்ந்தது. ஜிஎல்பி-1 அப்போது பெரிதாக அசையவில்லை. வேகம் 2ஐ ஒட்டிய அளவைத் தாண்டிய பின்பே அது ஏறத் தொடங்கி, 4இல் செங்குத்தாக உயர்ந்தது. குளுக்கோசு மேற்குடலிலேயே முழுவதும் உறிஞ்சப்பட்டுவிட்டால் கீழேயுள்ள எல் கலங்களுக்கு எதுவும் எஞ்சாது என்பது இதற்கான விளக்கம். இரு இனங்களின் ஜிஎல்பி-1 அளவை ஒப்பிடும் ஆய்வு இரைப்பையின் வேகத்தை அளக்காமல் விட்டால், இரைப்பையின் வேறுபாட்டையே இனத்தின் வேறுபாடாக எழுதிவைக்க நேரிடும்.

இரைப்பையின் வேகத்தை நிர்ணயிப்பதில் உணவின் அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தோட்டத்து உணவைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டியது இந்த இடத்தில்தான். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டித் தடிப்பாகச் சுட்ட ரொட்டியும், செத்தல் மிளகாய்ச் சம்பலும், சீனி போட்ட சாயத் தேத்தண்ணியும் காலையில் மலைக்குப் போகும் முன் பெரும்பாலான லயன்களில் உண்ணப்படுபவை. பகலிலோ இரவிலோ சோறும் பருப்பும் கீரையும், கைக்கு எட்டும்போது கருவாடும் நெத்தலியும் சேரும். ரொட்டியின் மாப்பொருள் தீட்டிய கோதுமையிலிருந்து வருவதால் விரைவில் சமிக்கக்கூடியது. அதே ரொட்டியிலுள்ள தேங்காயின் கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்துவதோடு ஜிஐபியைப் பலமாகத் தூண்டவும் செய்கிறது. சாயத் தேத்தண்ணியின் சீனி பாதி குளுக்கோசும் பாதி பிரக்டோசும் ஆகும். பிரக்டோசு ஜிஐபியைத் தூண்டுவதில்லை. ஜிஎல்பி-1ஐயும் குளுக்கோசு அளவுக்குத் தூண்டுவதில்லை. ஆகவே நாளுக்குப் பலமுறை குடிக்கப்படும் இனிப்புத் தேத்தண்ணி வெல்லச் சுமையைக் கூட்டினாலும், அதற்கு ஈடாகக் குடலிலிருந்து எழும் துணை குறைவு.

புரதத்தின் இடம் வேறு. 2016இல் ஜப்பானில் குவாட்டாவும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், சோற்றுக்கு முன் மீனையோ இறைச்சியையோ உண்டவர்களின் இரைப்பை மெதுவாகக் காலியாகி, ஜிஎல்பி-1 கூடுதலாகச் சுரந்து, வெல்ல ஏற்றம் தணிந்தது. 2015இல் நியூயோர்க்கில் காய்கறியையும் கோழியிறைச்சியையும் முதலில் உண்ணவைத்த சிறு ஆய்வும் உணவு வரிசையின் வலிமையைக் காட்டியது. உண்ணும் பொருளை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றுவதற்குச் செலவில்லை என்பதால், பருப்பையும் கீரையையும் முதலில் உண்டு ரொட்டியைப் பின்னுக்குத் தள்ளும் அறிவுரை தோட்டச் சுகாதார ஊழியர் சொல்லத்தக்கதே. ஆனால் முதலில் உண்ணப் புரதம் தட்டில் இருக்க வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் உணவுப் பற்றாக்குறை நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டப்புறத்தையே கடுமையாகத் தாக்கியது என்பதை உலக உணவுத் திட்டத்தின் கணிப்புகள் பதிவு செய்தன. பருப்பும் கருவாடும் முதலில் குறைக்கப்படும் வீட்டில், குடல் ஓமோனின் பலவீனத்தை இனத்தின் இயல்பு என்று எழுதுவது அநீதியும் ஆகும்.

அடுத்து, பலரும் கவனிக்காமல் கடக்கும் காரணி ஒன்று: உடலின் உயரம். குளுக்கோசு தாங்குதிறன் சோதனையில் உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி வளர்ந்தோர் அனைவருக்கும் 75 கிராம் குளுக்கோசே நீரில் கரைத்துக் கொடுக்கப்படுகிறது; இரண்டு மணித்தியாலத்தின் பின் குருதி வெல்லம் டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமை எட்டினால் நீரிழிவு, 140ஐ எட்டினால் தாங்குதிறன் குறைவு எனத் தீர்மானிக்கப்படுகிறது. ஆறடி உயரமுள்ள டேனியரும் ஐந்தடியை எட்டாத கொழுந்து பறிக்கும் பெண்ணும் குடிப்பது அதே கிண்ணத்தைத்தான். அதை ஏற்று எரிக்கவேண்டிய தசை அப்பெண்ணிடம் மிகக் குறைவு. உயரம் குறைந்தவர்களின் இரண்டு மணித்தியால வெல்லம் கூடுதலாக வருவதை ஆஸ்திரேலியாவின் பெரும் மக்கள்தொகை ஆய்வு காட்டியுள்ளது. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடளவில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 சதவீதம். இந்தக் குழந்தைகள் வளர்ந்து ஆய்வுக்கூடத்துக்கு வரும்போது அவர்களின் குளுக்கோசு வரைபடமும் அதைத் தொடரும் ஓமோன் வரைபடமும் உயர்ந்தே நிற்கும்; அதில் எவ்வளவு மரபின் பங்கு, எவ்வளவு பசியின் பங்கு என்று பிரிக்காமல் முடிவு சொல்லக்கூடாது. இனங்களை ஒப்பிடும் ஆய்வுகள் உடல் எடைக்கு ஏற்பக் குளுக்கோசு அளந்து கொடுக்க வேண்டும், அல்லது உயரத்தையும் தசையளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இது நுணுக்க வாதமாகத் தோன்றலாம். தோட்டப்புறத்தைப் பொறுத்தவரை முழு விடயமும் இதில்தான் தங்கியிருக்கிறது.

பசியின் வரலாறு கருவிலேயே தொடங்குகிறது. 1993இல் புனே அருகே தொடங்கிய தாய்சேய் ஊட்ட ஆய்வில், யாஜ்னிக்கும் உடன் ஆய்வாளர்களும் இந்தியக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் கொழுப்பை அவ்வளவாக இழக்காமல் தசையையே இழந்து பிறப்பதைக் கண்டார்கள். 2004இல் அவரும் இலண்டனின் யுட்கினும் தங்கள் உடல்களையே சான்றாக வைத்தார்கள்: இருவரின் உடல் திணிவுச் சுட்டெண்ணும் 22.3, ஆனால் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தோட்டப்புறத்தில் எடை குறைந்த பிறப்பு நாட்டின் சராசரியைவிட நெடுங்காலமாகவே உயர்ந்து நிற்கிறது. மெலிந்த தோற்றத்துக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு இன்சுலினுக்கு எதிர்ப்பை வளர்க்கிறது. அந்த எதிர்ப்பு குடல் ஓமோன்களின் பயனைக் குறைக்கிறது. எனினும் மலைச்சரிவில் கூடை சுமந்து ஒரு நாளுக்குப் பதினாறு, பதினெட்டு கிலோ கொழுந்து பறிக்கும் உழைப்பு, இருக்கும் கொஞ்சத் தசையையும் வெல்லத்தை எரிக்கும் நிலையில் வைத்திருக்கிறது. மலையை விட்டு நகரத்துக் கடையின் நாற்காலிக்கு வரும் அடுத்த தலைமுறைக்கு அந்தக் காப்பு இல்லை. 2005, 2006 ஆண்டுகளில் இலங்கையில் நடந்த தேசிய ஆய்வு இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்றும், நகர்ப்புறத்தில் அது 16.4, கிராமப்புறத்தில் 8.7 என்றும் கண்டது. 2018, 2019இல் நடந்த அளவீடு நாடளவில் 23 சதவீதம் என்றது. இவ்வளவு குறுகிய காலத்தில் மரபணுக்கள் மாறுவதில்லை.

மரபணுக்களுக்குப் பங்கே இல்லை என்பது இதன் பொருளாகாது. 2006இல் ஐஸ்லாந்தில் அடையாளம் காணப்பட்ட டிசிஎப்7எல்2 என்ற மரபணுவின் ஒரு வடிவம், சதையியின் பீற்றா கலங்கள் ஜிஎல்பி-1க்குச் செவிசாய்க்கும் திறனைக் குறைக்கிறது. அந்த வடிவம் ஐரோப்பியரிடமும் இந்தியரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவலாக உள்ளது. கிழக்காசியரிடம் மிக அரிது. சென்னையில் 2007இல் வெளியான ஆய்வும் நீரிழிவுடன் அதற்குள்ள தொடர்பை உறுதி செய்தது. ஆசியர் என்று சேர்த்துப் பேசும் பழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு இது நல்ல சான்று: இந்த ஒரு மரபணுவில் தமிழர் ஜப்பானியரைவிட டேனியருக்கே நெருக்கமானவர். ஆகவே ஜப்பானிய எண்களைக் கொண்டு தமிழரின் குடலைக் கணிப்பது லைடன் எண்களைக் கொண்டு கணிப்பதைவிடவும் பலவீனமானது.

பால் வேறுபாடும் சிறிதல்ல. டென்மார்க்கில் 2015இல் வெளியான பெரிய ஆய்வில் குளுக்கோசுக்குப் பின் ஜிஎல்பி-1 ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக உயர்ந்தது. நீரிழிவை நெருங்கிய பெண்களிடம் அது 25 சதவீதம் வரை குறைந்தது. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், ஆண்களை மட்டும் வைத்துச் செய்த ஒப்பீடுகள் தோட்டத்துக்குப் பாதி விடையே தரும். இன்னொரு காரணி குடலில் குடியிருக்கும் உயிர்கள். அங்கு வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைச் சிதைத்து உண்டாக்கும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களும் எல் கலங்களைத் தூண்டுவன. இலங்கையில் 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியதிலிருந்தே தோட்டத் தொழிலாளரின் குடல் பொதுச் சுகாதாரத்தின் கவனத்தில் இருந்துவந்துள்ளது. அப்போதைய கேள்வி அப்புழுவால் வரும் இரத்தச்சோகை, இப்போதைய கேள்வி வெல்லம்.

இரத்தச்சோகை இன்றும் தொடர்வது நோயறிதலையே குழப்புகிறது. மூன்று மாதச் சராசரி வெல்லத்தைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை, இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் உண்மையைவிட உயர்ந்து தெரியக்கூடும். அதனால் கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ ஒரு கொழுந்துப் பெண்ணின் எண்ணைப் பார்க்கும் வைத்தியர் அவளுடைய ஈமோகுளோபினையும் உயரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. மருந்துத் தெரிவிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இன்று உலகைக் கவர்ந்திருக்கும் ஜிஎல்பி-1 ஊசிகள் பசியை அடக்கி எடையைக் குறைப்பவை. அவற்றின் பெரும் சோதனைகளில் கலந்துகொண்டோரின் சராசரி உடல் திணிவுச் சுட்டெண் பெரும்பாலும் 30க்கு மேல். குறைந்த எடையோடு மலையேறி நாட்கூலி பெறும் பெண்ணுக்கு எடை குறைவது நன்மை அல்ல. குறையும் எடையில் ஒரு பகுதி தசையாகவே போகும், அந்தத் தசைதான் அவளுடைய வெல்லத்தை எரிப்பதும் கூடையைச் சுமப்பதும். எடையைத் தொடாமல் சுரந்த ஓமோனின் ஆயுளை நீட்டும் டிபிபி-4 தடுப்பான்கள் இத்தகைய உடலுக்குப் பொருத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவை பயன்தரக் குடல் போதிய ஓமோனைச் சுரந்தாக வேண்டும். அந்தச் சுரப்பைத் தோட்டத்து உணவையே சோதனை உணவாக வைத்து, தோட்டத்து உடல்களிலேயே அளந்து பார்ப்பது இலங்கையின் மருத்துவ ஆய்வு செய்யவேண்டிய வேலை.